யாரும் கட்டாத குளங்கள்

இலங்கையின் வடமேற்கே கலா ஓயாவுக்கும் மோதரகம் ஆற்றுக்கும் இடைப்பட்ட காட்டில் சிறிதும் பெரிதுமாக 60 வரையான நீர்நிலைகள் கிடக்கின்றன. கட்டு இல்லை, துருசு இல்லை, வான் இல்லை, வாய்க்காலும் இல்லை. பெரும்பாலானவற்றுக்கு ஆறு வந்து சேர்வதுமில்லை, அவற்றிலிருந்து ஆறு புறப்படுவதுமில்லை. மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் இவற்றை வில்லு என்று அழைக்கிறார்கள். வில்பத்து என்னும் காட்டின் பெயரே இவற்றால் வந்தது. குளம் என்றாலே மனிதர் மண்ணை அள்ளிக் கட்டியது என்று ஆகிவிட்ட நாட்டில், இயற்கையே தோண்டி வைத்த ஏரிகள் இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் இல்லை.

இந்த ஏரிக்காட்டின் தெற்கு வாசல் எலுவன்குளம். புத்தளம் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், பழைய மன்னார் வீதியில், கலா ஓயாவின் தென்கரையில் இருக்கும் சிற்றூர் அது. நிர்வாகத்தில் வண்ணாத்திவில்லு பிரதேச செயலகத்தைச் சேர்ந்தது. ஊரைத் தாண்டியதும் வீதி ஒரு சப்பாத்துப் பாலத்தின் மேலாக ஆற்றைக் கடக்கிறது. அக்கரையில் வில்பத்து தேசியப் பூங்கா தொடங்குகிறது.

எலுவன்குளத்துக்கு வந்து சேரும் ஆறு மனிதக் கைகள் பல பட்ட ஆறு. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலா வாவி இதன் மேற்பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுபோகும் யோத எல என்னும் கால்வாய் 87 கிலோமீற்றர் நீளமானது. அதன் முதல் 27 கிலோமீற்றரில் சரிவு, கிலோமீற்றருக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவே. கீழே இறங்கினால் இராஜாங்கனை நீர்த்தேக்கம். அதன் வான்கதவுகளைத் திறந்தால் எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்தின் மேல் வெள்ளம் பாயும், போக்குவரத்து நின்றுவிடும். ஆற்றின் தென்கரையில் மழை, கதவு, கால்வாய் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வடகரைக் காட்டில் அந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அங்கே நீர் எவ்வளவு, எத்தனை மாதம் நிற்கும் என்பதை மழையும் அடிநிலமும் முடிவு செய்கின்றன.

அடிநிலத்தில் இருப்பது சுண்ணாம்புக்கல். புத்தளத்திலிருந்து மன்னார் கரையோரமாக யாழ்ப்பாணம் வரை நீளும் இந்தப் பாறைப் பட்டை, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசீன் காலத்தில், ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. அதைப் பார்க்க எவரும் ஆழத் தோண்ட வேண்டியதில்லை. எலுவன்குளத்துக்கு அருகிலுள்ள அருவக்காட்டில் புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்காகப் பல பத்தாண்டுகளாக அது வெட்டி எடுக்கப்படுகிறது. கல் வெட்டிய பள்ளங்களின் சுவர்களில் சிப்பிகளும் சங்குகளும் பதிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். இந்தப் பகுதியில் பாறையின் மேல் செம்பு நிறச் செம்மண் போர்த்தியிருக்கிறது. வில்பத்துக்குள் போய்வரும் வண்டிகள் எல்லாம் சிவந்து திரும்புவது இதனால்தான்.

மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கும்போது அது கல்லைக் கரைத்துக்கொண்டே போகிறது. வெடிப்பு இடுக்காகி, இடுக்கு பொந்தாகி, பொந்தின் கூரை அமுங்கும்போது மேலே நிலம் குழிகிறது. குழிந்த இடத்தில் களிமண் வந்து படிந்தால் நீர் தங்கும். வில்லுகள் தோன்றிய விதத்துக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம் இதுதான். விளிம்பில் மணல், நடுவில் ஆழமில்லாத பள்ளம் என்று பெரும்பாலான வில்லுகள் தாம்பாளம் போலத் தட்டையாகக் கிடக்கின்றன. சில, ஏக்கர் கணக்கில் அடங்கிவிடும். மிகப் பெரியவை 100 ஹெக்டேயருக்கும் மேல் விரியும்.

இதே பாறை வடக்கே போய் வேறொரு வித்தை காட்டுகிறது. யாழ்ப்பாணம் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு, சுண்ணாம்புப் பொந்தின் கூரை இடிந்து திறந்துகொண்ட நீர்ப்பள்ளம். ஆழம் 50 மீற்றரை ஒட்டியது. மேலே நன்னீர், கீழே போகப் போக உப்பு. அடியில்லாத கிணறு என்று ஊரில் பேசப்பட்டதற்கு, கீழே நீர் வழிகள் பக்கவாட்டில் ஓடுவதுதான் காரணம். கீரிமலையில் கடலுக்கு அருகிலேயே நன்னீர் சுரப்பதும் அப்படிப்பட்ட வழிகளால்தான். மெக்சிக்கோவின் யுகற்றான் தீபகற்பத்தில் நிலாவரையின் உறவுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. செனோற்றே எனப்படும் அந்தக் கிணற்றேரிகளிலும் கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. தரைமேல் ஆறே ஓடாத அந்த நிலத்தில் மாயர்களின் ஊர்கள் அவற்றை நம்பியே எழுந்தன.

குணத்தில் வில்லுகளுக்கு மிக நெருங்கியது சுலோவீனியாவில் இருக்கிறது. செர்க்னிக்கா ஏரி இலையுதிர் மழையில் சில நாட்களுக்குள் நிறைந்து, முழுதாக விரியும்போது 38 சதுர கிலோமீற்றர் வரை போகும். கோடையில் தரையிலுள்ள துளைகள் வழியாக உள்ளே இறங்கி மறைந்துவிடும். ஒரே நிலத்தில் மீன் பிடித்து, பின்னர் அங்கேயே புல் அறுத்து வாழ்ந்தவர்கள் அந்தக் கரையோர மக்கள். நிலத்தடிக் குகைகளால்தான் இது நடக்கிறது என்று விளக்கிய அறிஞர் வல்வாசர் 1687இல் இலண்டன் ரோயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அயர்லாந்தின் மேற்கிலும் இப்படி வந்து போகும் ஏரிகள் உண்டு.

சுண்ணாம்பு ஏரிகளில் உலகப் புகழ் பெற்றது குரோசியாவின் பிளிற்விச். அது நேர்மாறான வேலை செய்கிறது. அங்கே நீர் தான் கரைத்த சுண்ணாம்பைப் பாசிகளின் மேலும் விழுந்த கிளைகளின் மேலும் திரும்பப் படிய விட்டுத் தனக்குத் தானே அணை கட்டிக்கொள்கிறது. அப்படி எழுந்த அணைகளுக்குப் பின்னால் 16 ஏரிகள் படிப்படியாக நிற்கின்றன. 1979 முதல் அது யுனெஸ்கோ உலக மரபுரிமை இடம். ஆண்டு முழுதும் ஓடும் குளிர்ந்த ஆறு அதற்கு இருக்கிறது. வில்பத்துக்கு அது கிடையாது. இங்கே ஆண்டு மழை 1,000 மில்லிமீற்றர் அளவு, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்ந்துவிடும்.

ஆகவே ஒரு வில்லை விளக்குவதென்றால் அதன் ஓராண்டை விளக்க வேண்டும். மார்கழியில் நீர் விளிம்பைத் தொட்டு நிற்கும். கரையிலுள்ள புல் பாதி மூழ்கியிருக்கும், ஓரங்களில் அல்லியும் தாமரையும் படரும். நீளவால் இலைக்கோழிகள் இலைமேல் நடந்து இரை தேடும். வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் நடுநீரில் கூட்டமாக இறங்கும். மாசி பங்குனியில் நீர் பின்வாங்கத் தொடங்கும். பின்வாங்கிய ஈரத்தில் புதுப்புல் எழும், மான்கள் காலையிலும் மாலையிலும் வெட்டவெளிக்கு வரும். வைகாசியில் சோளகக் காற்று வலுக்கும். இரவும் பகலும் அடிக்கும் அந்த வறண்ட காற்று ஆவணி வரை ஓயாது. நீர் வேகமாகக் குறைந்து சேற்று வளையம் அகலும். ஒதுங்கிய கடைசி நீரில் மீன் நெருங்கும்போது மஞ்சள் மூக்கு நாரைகளும் நத்தைகுத்தி நாரைகளும் சுற்றி நிற்கும். புரட்டாசிக்குள் சில வில்லுகளில் வெடித்த களி மட்டுமே மிஞ்சும். முதலைகள் எஞ்சிய நீர்நிலை தேடித் தரைவழியே நகரும், அல்லது சேற்றில் புதைந்து மழைக்குக் காத்திருக்கும்.

காட்டின் அமைப்பையும் இந்த ஏற்ற இறக்கமே தீர்மானிக்கிறது. ஆண்டில் சில மாதம் மூழ்கி, சில மாதம் காயும் நிலத்தில் மரம் வேரூன்ற முடிவதில்லை. எனவே ஒவ்வொரு வில்லைச் சுற்றியும் முதலில் மணல், அடுத்து புல்வெளி, அதற்கு அப்பால் முட்புதர், அதன் பின்னே பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நிற்கும் காடு என்று வட்டம் வட்டமாக அமைகிறது. அடர்ந்த உலர்காட்டில் விலங்கைக் காண்பதே அரிது. வில்பத்தில் சிறுத்தையைக் காண முடிகிறதென்றால், காடு இந்த வெட்டவெளிகளில் தன்னைத் திறந்து காட்டுவதுதான் காரணம். சிறுத்தை புதர் ஓரத்தில் நிழலில் படுத்திருக்கும். மான் நீருக்கு வந்தே ஆகவேண்டும். யானை, மரை, காட்டெருமை, பன்றி என்று எல்லா வழிகளும் வில்லில் வந்து முடிகின்றன.

பெயர்களைப் பார்த்தாலே ஒவ்வொன்றின் தன்மையும் ஓரளவு தெரியும். கும்புக் வில கரையில் நிற்கும் மருத மரங்களால் பெயர் பெற்றது. நெலும் வில தாமரைக்குப் பெயர் போனது. கொக்கரே வில்லு, பணிக்க வில்லு, காளி வில்லு, தலா வில, மதுரு ஓடை, குருட்டுப்பாண்டி, மாணிக்கபொல ஊற்று என்று வரிசை நீள்கிறது. தமிழும் சிங்களமும் இந்த வரைபடத்தில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. ஒரே வில்லுக்கு எலுவன்குளம் பக்கத்திலிருந்து வருபவர் ஒரு பெயரும் கிழக்கே நொச்சியாகமப் பக்கத்திலிருந்து வருபவர் ஒரு பெயரும் சொல்வது புதிதல்ல.

இவற்றுள் விசித்திரமானவை உப்பு வில்லுகள். கடலிலிருந்து உள்ளே தள்ளி, காட்டின் நடுவே, சுற்றிலும் நன்னீர் வில்லுகள் இருக்க, சிலவற்றின் நீர் மட்டும் கரிக்கும். வெளியேற வழியில்லாத பள்ளத்தில் நீர் ஆவியாக, அது கொண்டுவந்த உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆண்டுக்காண்டு அது சேர்ந்துகொண்டே போகும். அடியில் நீர் கசிந்து இறங்க வழியுள்ள பள்ளமோ உப்பையும் சேர்த்து அனுப்பிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து வில்லுகள் இரண்டு வேறு சுவையோடு இருக்க இதுவே போதும். உப்பு வில்லின் கரையில் தாமரை இராது. உப்பைத் தாங்கும் புல்வகைகளும் பூண்டுகளும்தான் இருக்கும். கோடையில் விளிம்பு வெள்ளை பூத்துக் கிடக்கும். விலங்குகள் உப்பு நக்க வருவதும் உண்டு.

வடிகால் இல்லாத ஏரி உப்பாவது உலகப் பொது விதி. சாக்கடல் தொடங்கி மகாராட்டிரத்தின் லோணார் வரை அதற்குச் சான்றுகள் இருக்கின்றன. லோணார் விண்கல் விழுந்து தோண்டிய, 1.8 கிலோமீற்றர் குறுக்களவுள்ள பள்ளம். 2020 ஜூனில் அதன் நீர் திடீரென்று இளஞ்சிவப்பாக மாறியது. நீர் குறைந்து உப்பு ஏறும்போது அதை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகி நிறம் ஊட்டுவதே காரணம். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஹில்லியர் ஏரி நெடுங்காலம் ஆண்டு முழுதும் அந்த நிறத்திலேயே இருந்தது. 1802இல் கடலோடி மத்தியூ பிளிண்டர்ஸ் அதைக் கண்டு பதிவு செய்தார். புத்தளம் மாவட்டத்தார் இந்தச் சிவப்புக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். உப்பளப் பாத்திகளில் உப்பு விளையும் தறுவாயில் நீர் சிவப்பு ஏறுவதும் அந்த நுண்ணுயிர்களின் வேலைதான்.

அவுஸ்திரேலியாவின் கதி தண்டா - எயர் ஏரி இதே விதியின் பேருருவம். பல ஆண்டுகள் உப்புப் பாளமாகக் கிடக்கும். அந்தப் பாளத்தின் மேல்தான் 1964இல் டொனால்ட் கம்பெல் கார் ஓட்டித் தரை வேகச் சாதனை படைத்தார். எப்போதாவது வடக்கே பெருமழை பெய்து வெள்ளம் வந்து சேர்ந்தால் கூழைக்கடாக்கள் எங்கிருந்தோ வந்து இறங்கும். முழுதாக நிறைந்தது 20ஆம் நூற்றாண்டில் ஒரு சில முறைதான். அதோடு ஒப்பிட்டால் வில்லுகள் நம்பத்தக்கவை. மழை பிந்தினாலும் ஆண்டுக்கு ஒருமுறை நிறையப் பார்க்கும்.

இலங்கையில் வில்லு என்ற பெயர் கிழக்கிலும் வழங்குகிறது. பொலன்னறுவைக்குக் கீழே மகாவலி கரைபுரண்டு வயல்வெளிகளிலும் புல்வெளிகளிலும் தேங்கும் அகன்ற நீர்ப்பரப்புகளும் வில்லுகளே. அண்டபான் வில்லு அவற்றில் பெயர் பெற்றது. அவை ஆற்றின் பிள்ளைகள். ஆற்றை அணை கட்டி அடக்கிய பிறகு அவற்றின் வெள்ளமும் அடங்கிவிட்டது. வில்பத்தின் வில்லுகளுக்கு மகாவலித் திட்டத்தால் அப்படி எதுவும் நேரவில்லை, அவற்றில் பெரும்பாலானவை எந்த ஆற்றையும் நம்பியிருக்கவில்லை.

ஆனால் இந்தக் காடு எப்போதும் ஆளற்றுக் கிடந்ததில்லை. மரதன்மடு போன்ற பழைய கட்டுக் குளங்கள் வில்லுகளுக்கு நடுவே இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டும் உண்டு, ஒரு காலத்தில் வயலும் இருந்தது. எலுவன்குளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் கண்டெடுக்கப்பட்ட தாழிக்காடு இன்னும் பழையது. 1920களில் தொல்லியலாளர் ஹோகார்ட் அங்கே தோண்டத் தொடங்கினார். 1970இல் விமலா பெக்லியின் குழு முறையாக அகழ்ந்தது. மனித எலும்புகளும் கறுப்பு சிவப்பு மட்பாண்டங்களும் இட்ட அந்தத் தாழிகள், தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூர்த் தாழிகளை நினைவூட்டுவன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கடலோரத்தில் குதிரைமலை நிற்கிறது. செம்மண் மேடு கடலில் சரிந்து விழும் அந்த முனையை ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடும் ஹிப்புரோஸ் துறையாகக் கருதுவோர் உண்டு. அல்லிராணி அங்கே ஆண்டாள் என்பது தமிழ் மக்களின் கதை. காளி வில்லு அருகே கிடக்கும் கற்றூண்கள் குவேனியின் மாளிகை என்பது சிங்கள மக்களின் கதை. இரண்டையும் வரலாறு என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் போதாது. நீரும் துறையும் இருந்த இடத்தில் கதையும் தங்கிவிட்டது என்ற அளவில் கொள்ளலாம். பள்ளக்கண்டல் அந்தோனியார் கோவில் திருவிழாவுக்கு இன்றும் மக்கள் எலுவன்குளம் வழியாகவே காட்டுக்குள் போகிறார்கள்.

1905இல் இந்தப் பகுதி சரணாலயமாயிற்று. 1938 பெப்ரவரியில் தேசியப் பூங்கா ஆனது. பின்னர் சேர்க்கப்பட்ட பகுதிகளோடு பரப்பு 1,31,693 ஹெக்டேயர், இலங்கையின் பூங்காக்களில் மிகப் பெரியது. போர் இதையும் மூடியது. 1988 முதல் 2003 வரை வெளியார் எவரும் உள்ளே போக முடியவில்லை. அமைதி முயற்சிக் காலத்தில் திறந்தார்கள். 2006 மே மாதம் கண்ணிவெடியில் வண்டி சிக்கி அதில் சென்றவர்கள் இறந்தனர். வில்பத்துக் காட்டைக் கடந்து நடக்கும் இருவரின் கதையை நாவலாக எழுதிய நிஹால் டி சில்வா இறந்தவர்களில் ஒருவர். 2010இல்தான் பூங்கா மறுபடி திறந்தது.

2013 பெப்ரவரி 2ஆம் நாள் வில்பத்து ஈரநிலத் தொகுதி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வில்லுகள், பழைய குளங்கள், ஆறுகள், உவர்நிலம், கண்டல் காடு, கரையோரக் கடல் எல்லாம் ஒரே தொகுதியாகக் கணக்கிடப்பட்டதே அதன் சிறப்பு. எலுவன்குளத்திலிருந்து இதைப் புரிந்துகொள்வது எளிது. ஊருக்குக் கீழே கங்கேவாடியில் கலா ஓயா புத்தளம் களப்பின் வடமுனையைச் சேருகிறது. அங்கே ஆற்றோரமாக நிற்கும் கண்டல் காடு நாட்டின் பெரிய கண்டல் காடுகளில் ஒன்று. இறால், நண்டுக் குஞ்சுகள் வளரும் இடம் அது. களப்பு மீனவரின் பிழைப்பு அதில் தங்கியிருக்கிறது.

கவலைகளும் இதே எல்லையில்தான் கூடுகின்றன. புத்தளத்தையும் மன்னாரையும் இணைக்கும் பழைய வீதி பூங்காவின் மேற்குப் பக்கமாகச் செல்கிறது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ நேர்ந்த முஸ்லிம் மக்களுக்கு அது சொந்த ஊருக்குப் போகும் குறுக்கு வழி. அதை விட்டால் அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றவேண்டும். சூழலியலாளருக்கோ அது வில்லுக்கும் கடலுக்கும் இடையே விலங்கின் வழியை அறுக்கும் கோடு. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. இரு தரப்பின் நியாயத்தையும் ஒதுக்கித் தள்ள முடியாது. அருவக்காட்டு விவகாரம் வேறு விதமானது. கொழும்பின் குப்பையை 2019இல் கொண்டுவந்து, சுண்ணாம்புக்கல் தோண்டிய இடத்தில் கொட்டத் தொடங்கினார்கள். புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். துளையும் வெடிப்புமாக உள்ள பாறையில் எது ஊறினாலும் அது நின்ற இடத்தில் நிற்காது. வில்லுகளை உண்டாக்கிய அதே குணம் அழுக்குக்கும் வழி விடும். அந்த அச்சத்துக்கு நிலவியலில் இடம் இருக்கிறது.

வில்லுகளைக் காண வருவோருக்குப் பருவமே முதல் கணக்கு. ஆனி ஆடியில் பாலைப்பழமும் வீரைப்பழமும் உதிரும், கரடிகள் பகலிலும் மரத்தடியில் நிற்கும். நீர் குறைவாதலால் சிறுத்தை காண்பதற்கும் அந்த மாதங்கள் வாய்ப்பானவை. வலசைப் பறவைகளும் விளிம்புவரை நிறைந்த வில்லுகளும் வேண்டுமென்றால் மார்கழிக்கும் மாசிக்கும் இடையில் வரவேண்டும். அந்த மாதங்களில் கலா ஓயா பெருகி எலுவன்குளம் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்குவது வழக்கம். அப்போது தெற்கு வாசலை விட்டு, அநுராதபுரம் வீதியால் பூங்காவின் மற்றொரு வாசலான ஹுனுவிலகமவுக்குச் சுற்றிப் போவதே வழி.